நான்காவது பத்து நிமிடம்

டேப் அண்ணனை நான் முதன்முதலில் பார்த்தபோது தரையில் கிடந்தேன். கல்லூரியில் சேர்ந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. விடுதிப் படிகளில் மூன்றை ஒரே தாவலில் இறங்கப் போய்க் கணுக்கால் மடங்கிவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அது. அப்படி வீங்கும் என்று யார் கண்டது?

விளையாட்டு அறையிலிருந்து ஒல்லியான மனிதர் ஒருவர், கையில் வெள்ளை டேப் சுருளோடு, அவசரமே இல்லாமல் நடந்து வந்தார்.

"றெக்கை மொளைக்கிற வரைக்கும் படியில இறங்கலாமே தம்பி" என்றபடி என் காலைத் தன் தொடையில் தூக்கி வைத்தார். பாதத்தின் அடியிலிருந்து மேலே, குறுக்கே, மறுபடி அடியில் என்று டேப் ஓடியது. கடைசியில் பெருவிரல் நகத்தை அமுக்கினார். நகம் வெளுத்தது. விட்டார். சிவந்தது.

"ரெண்டு எண்ணுறதுக்குள்ள ரத்தம் திரும்பணும். திரும்பலேன்னா கட்டு தப்பு, இல்ல உள்ள ஏதோ உடைஞ்சிருக்கு. உனக்குத் திரும்பிடுச்சு. எந்திரி. இவ்வளவுதான் என் படிப்பு."

நான் பட்டம் வாங்கி, அதே கல்லூரி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த பிறகும் எங்கள் பழக்கம் விடவில்லை. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு வேளைச் சாப்பாடு தங்கை வீட்டில். தங்கை தையல் மிஷின் வைத்திருந்தார். தங்கை மகன் வளாகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை நடத்தினான். இடது கணுக்கால் மடங்காது; ஒவ்வோர் அடிக்கும் இடுப்பைச் சற்றுத் தூக்கித்தான் நடப்பான்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அவன் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் ஏழாம் நம்பர்.

அந்தக் காலத்துக் கோச்சை நான் பார்த்ததில்லை. ஆனால் கல்லூரி வாசலில் இருக்கும் சலூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் போதும், அவரோடு பத்து வருடம் குடித்தனம் நடத்திய மாதிரி ஆகிவிடும். பழைய ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் அங்கேதான் கூடுவார்கள். முடி வெட்ட வருவது சும்மா சாக்கு. பாதிப் பேருக்கு வெட்ட முடியே கிடையாது. சலூன்காரர் கோச்சின் படத்தைக் கண்ணாடிக்கு மேலே மாட்டியிருந்தார். அவருக்கு நேர் எதிரி, "வக்கீல்" என்று எல்லோரும் கூப்பிடும் ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்ட்.

சண்டை எப்போதும் ஒன்றுதான். கோச் பதினான்கு வருடம் இருந்தார், ஒரே ஒரு கோப்பை வாங்கினார். அந்த இறுதி ஆட்டத்தில் மூன்றாவது பத்து நிமிடம் முடியும் நேரத்தில் ஏழாம் நம்பர் கணுக்கால் முறிந்து விழுந்தான். டேப் கட்டி மறுபடி இறக்கினார்கள். பதினொரு புள்ளி எடுத்தான். கோப்பை வந்தது. கால் போனது. மூன்று அறுவை சிகிச்சை.

"உடைஞ்ச காலோட ஒரு பையனை இறக்கினவன் கோச்சா? கசாப்புக்காரன்!" என்பார் வக்கீல்.

"அவர் இல்லேன்னா இந்த ஊர்ல உனக்குப் பந்து உருண்டையா சதுரமான்னே தெரிஞ்சிருக்காது" என்பார் சலூன்காரர். "கழுத்துல கத்தி வெச்சிருக்கேன், பாத்துப் பேசு."

கோச்சிடம் ஒரு வழக்கம் இருந்தது. அடிபட்டவன் யாராக இருந்தாலும் டேப் அண்ணன் நகத்தை அமுக்கிப் பார்க்க வேண்டும். கோச் "ஆடலாமா?" என்று கேட்பார். டேப் அண்ணன் தலையை ஆட்டினால்தான் உள்ளே போகலாம். அந்தத் தலையாட்டல் இல்லாமல் ஒருத்தனும் கோட்டைத் தாண்டியது கிடையாது. ஏழாம் நம்பரின் கால் பற்றி விசாரணை வந்தபோது டேப் அண்ணன் எழுதிக் கொடுத்தது இரண்டே வரி: "அன்று என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்."

அந்த விசாரணைக் கோப்பு இப்போது என் மேஜைக்கு வந்திருந்தது. போன வருடம் கோச் இறந்துபோனார். கூடைப்பந்துத் தளத்துக்கு அவர் பெயரை வைக்கலாமா என்று நிர்வாகம் யோசித்தது. வக்கீல் எதிர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். கோப்பில் கோச்சின் பதிலும் இருந்தது. அது ஒரே வரி: "அணி என்னுடையது, முடிவும் என்னுடையது." அதற்கு அடியில் ராஜினாமா.

டேப் அண்ணன் எழுதிக் கொடுத்தது பொய். எனக்கு அது தெரியச் சில வாரங்கள் ஆயின. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

"கேசட்" என்று ஒருவர் இருந்தார். கல்யாண வீடியோ எடுப்பவர். அந்த இறுதி ஆட்டத்தை அவர்தான் படம் பிடித்திருந்தார். பரணில் கிடந்த கேசட் பூஞ்சை பிடித்திருந்தது. துடைத்துத் துடைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். வாரத்துக்குப் பத்து நிமிட ஆட்டம்தான் தேறும். ஞாயிறுதோறும் ஒரு பகுதி, சலூன் டிவியில்.

முதல் ஞாயிறு ஒரே சிரிப்பு. யாருக்கும் தொப்பை இல்லை, எல்லோர் தலையிலும் முடி.

"அண்ணே, இது நீங்களா? பொண்ணு குடுக்காம எப்படி விட்டாங்க?" என்றான் ஒருவன். டேப் அண்ணனும் சிரித்தார். ஆனால் அவர் பந்தைப் பார்க்கவில்லை. சிறப்பு விருந்தினர் நாற்காலி எங்கள் பெஞ்சுக்குப் பின்னால் இருந்ததால் கேமரா பந்தைவிடப் பெஞ்சைத்தான் அதிகம் காட்டியது. திரையின் மூலையில் கோச்சும் டேப் அண்ணனும் எந்நேரமும் இருந்தார்கள். அவர் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் ஞாயிறு வேறு ஒருவன் காலைப் பிசகி வெளியே வந்தான். திரையில் டேப் அண்ணன் குனிந்து நகத்தை அமுக்கினார். கோச் குனிந்தார். உதடு அசைந்தது. டேப் அண்ணன் தலையாட்டினார். அவன் உள்ளே ஓடினான்.

"பாருய்யா, பாரு! கோயில் மணி மாதிரி ஒரே ஆட்டு!" என்று கத்தினார் சலூன்காரர்.

"எவ்ளோ தெளிவா விழுந்திருக்கு பாருங்க" என்றார் கேசட் பெருமையாக. "பூஞ்சைன்னீங்களே. மூக்குல இருக்கிற மச்சம் வரைக்கும் தெரியுது."

டேப் அண்ணன் எழுந்து வெளியே போனார். பின்னாலேயே போனேன். சலூன் சுவரில் கையை ஊன்றி நின்றிருந்தார். முடியலையா என்று கேட்டேன். "வெயில்" என்றார். அன்று மேகம் மூடியிருந்தது.

அடுத்த வாரம் முழுக்க அவர் கட்டிய கட்டெல்லாம் தளர்ந்தது. இரண்டு பையன்கள் திரும்பி வந்து மறுபடி கட்டிக்கொண்டு போனார்கள். அவர் ஒரே நகத்தை மூன்று முறை அமுக்கிப் பார்ப்பதைக் கண்டேன்.

மூன்றாம் ஞாயிறு ஏழாம் நம்பர் விழுந்தான். இன்னொருவன் பாதத்தின் மேல் இறங்கிக் கணுக்கால் வெளிப்பக்கம் மடங்கியது. சலூனில் இருந்த அத்தனை பேரும் தங்கள் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். நான்கு பேர் அவனைத் தூக்கிப் பெஞ்சில் போட்டதோடு படம் நின்றது.

"அடுத்த வாரம்தான் மெயின் படம்" என்றார் கேசட். "அந்த ரெண்டு நிமிஷ இடைவேளை, அப்புறம் கடைசிப் பத்து நிமிஷம். நானே இன்னும் பாக்கல."

"கோச் நம்ம டேப் அண்ணனைக் கேக்காம இறக்கினதை அன்னைக்கு எல்லாரும் கண்ணால பாக்கலாம்" என்றார் வக்கீல். "என்ன அண்ணே?"

டேப் அண்ணன் குனிந்து செருப்பை மாட்டினார்.

வீடு திரும்பும் வழியில் கல்லூரிச் சுவரை ஒட்டி நின்று என்னிடம் சொன்னார்.

"கேட்டார்பா. ரெண்டு தடவ கேட்டார். நகம் திரும்பவே இல்ல. ஆறு எண்ணிட்டேன், வெள்ளையாவே இருந்துச்சு. எலும்பு கைக்குத் தட்டுப்பட்டுச்சு. தலையாட்டிட்டேன்."

"அப்புறம் ஏன் அப்படி எழுதிக் குடுத்தீங்க?"

"எழுதுறப்ப தங்கச்சி பக்கத்துல நின்னுட்டிருந்தா."

கேசட்டிடம் பேசிப் பார்க்கச் சொன்னார். போனேன். பஞ்சும் திரவமுமாக உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் விட்டுவிட முடியுமா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"என்னப்பா, தாலி கட்டுற இடத்தை வெட்டிட்டு ஆல்பம் குடுக்கச் சொல்ற" என்றார். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "யார் கேக்கச் சொன்னது?"

"யாருமில்ல" என்று கிளம்பிவிட்டேன். என் முதுகில் அவர் பார்வை இருந்தது. இனி வெட்டவும் மாட்டார், ஒரு பிரேம்கூட விடாமல் பார்ப்பார். உதவி செய்யப்போய் நானே பூட்டைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை மதியம் டேப் அண்ணன் என் அறை வாசலில் நின்றார். "சும்மா கூட வா. நீ எதுவும் பேச வேணாம்."

தங்கை மிஷினில் உட்கார்ந்திருந்தார். தட்டு ஏற்கனவே எடுத்து வைக்கப்பட்டிருந்தது. "ரெண்டு பேருமா? சொல்லியிருந்தா இன்னும் கொஞ்சம் சமைச்சிருப்பேன்ல" என்றார். டேப் அண்ணன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். நான்கைந்து வாக்கியம்தான். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் முடித்த பிறகும் அந்தத் தையல் ஓரம் முடியும் வரை ஓடியது. தங்கை நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"நான் கோச் வீட்டு கேட்ல நின்னு கத்தினேனே. என் புள்ள நொண்டுற ஒவ்வொரு அடியும் உன் தலையில இறங்கட்டும்னு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அவர் உள்ள நின்னு கேட்டுட்டே இருந்தார். ஒரு வார்த்தை திருப்பிப் பேசல. நான் நெனச்சேன், குத்தமுள்ள நெஞ்சு, அதான் வாயடைச்சு நிக்கிறான்னு." அவர் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். "நீ என் கையைப் புடிச்சிட்டு நின்ன. நான் கத்தி முடிக்கிற வரைக்கும் புடிச்சிட்டு நின்ன."

டேப் அண்ணன் ஏதோ சொல்ல வந்தார்.

"அவன் கடையில இருக்கான். போய் அவன்கிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்." தட்டை எடுத்து அலமாரியில் வைத்தார். கதவை மூடிய சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

ஜெராக்ஸ் கடையில் மூன்று பெண்கள் நோட்ஸுக்காக நின்றிருந்தார்கள். அவர்கள் போகும் வரை காத்திருந்தோம். "என்ன மாமா, மூஞ்சி தொங்குது? எவன் காலை ஒடிச்சான்?" என்று சிரித்தான் அவன். டேப் அண்ணன் சொல்லத் தொடங்கியதும் மிஷினை அணைத்தான்.

"ஏன் மாமா?"

"ரயில்வேயிலேர்ந்து ஆள் எடுக்க வந்திருந்தாங்க. மேல உக்காந்திருந்தாங்க. நீ இறங்கலேன்னா உன் வேலை போயிரும்னு."

"என் வேலைக்காகவா? கப்புக்காகவா?"

"ரெண்டும்தான். பதினாலு வருஷம்டா. ஒரு கப்பு இல்ல."

அவன் கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்தான். இடுப்பைத் தூக்கித் தூக்கி நடந்து வந்து ஷட்டர் கம்பியை எடுத்தான். மணி இரண்டுகூட ஆகவில்லை.

"தள்ளிக்கோங்க மாமா. கடையை மூடணும்."

ஷட்டர் இறங்கியது. அவன் உள்ளேயே இருந்துவிட்டான்.

நான்காம் ஞாயிறு டேப் அண்ணன் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்து, எப்போதும் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். சலூன் நிரம்பி வாசல் வரை நின்றார்கள். ஏழாம் நம்பர் வரவில்லை. கேசட் மட்டும் டேப் அண்ணன் பக்கமே திரும்பவில்லை, அவர் அந்தப் பகுதியை முன்பே பார்த்துவிட்டிருந்தார்.

திரையில் இரண்டு நிமிட இடைவேளை தொடங்கியது. ஷூவைக் கழற்றினார்கள். டேப் அண்ணன் கட்டினார். நகத்தை அமுக்கினார். நகத்தைப் பார்த்தபடி நீண்ட நேரம் குனிந்தே இருந்தார். கோச் மண்டியிட்டுக் கேட்டார். டேப் அண்ணன் நிமிரவில்லை. கோச் அவர் தோளைத் தொட்டு மறுபடி கேட்டார்.

தலை ஆடியது. ஒரே ஆட்டு.

சலூன்காரரின் கத்தி ஒருவர் கன்னத்தில் அப்படியே நின்றது. யாரும் பின்னால் திரும்பவில்லை.

"திரும்பப் போடு" என்றார் வக்கீல்.

கேசட் போட்டார். திரும்ப. திரும்ப. நான் எண்ணினேன், ஏழு முறை. திரையில் கறுத்த முடி இருந்த மனிதர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். நரைத்தவர் எனக்குப் பக்கத்தில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அமர்ந்திருந்தார்.

பிறகு சலூன்காரர் குரல் உடைந்து கத்தினார். "கேட்டிருக்கார்யா! என் கோச் கேட்டிருக்கார்! பத்தொன்பது வருஷம் மனுஷனை என்னவெல்லாம் சொன்னீங்க!"

"கேட்டா போதுமா?" வக்கீல் எழுந்துவிட்டார். "அந்த வீக்கம் கேமராவுக்கே தெரியுது. அவருக்குக் கண்ணு இல்லையா? இன்னொருத்தன் தலை மேல பாரத்தை வெச்சிட்டா இவர் நல்லவரா?"

"அவர் வெக்கலையேடா! தன் தலை மேலதானே எடுத்துக்கிட்டார்!"

"அதுவும் நடிப்புதான்!"

சண்டை மறுபடி பிடித்துக்கொண்டது. முன்னைவிடச் சூடாக, டேப் அண்ணன் அங்கே இல்லவே இல்லை என்பது போல, அவர் தலைக்கு மேலே நடந்தது. அவர் எழுந்து ஆட்களை விலக்கிக்கொண்டு போனார். வழி விட்டார்கள். யாரும் அவர் மேல் பட்டுக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்கு இரண்டு காகிதம் வந்தது. ஒன்று பழைய வாக்குமூலம் பொய் என்று எழுதியது. இன்னொன்று வேலையிலிருந்து விலகல். ஓய்வுக்கு இரண்டு வருடம் மிச்சமிருந்தது. இரண்டிலும் வரவு முத்திரை குத்தியது நான்தான்.

தளத்துக்குக் கோச்சின் பெயரை வைத்துவிட்டார்கள். சலூனில் ஞாயிறுதோறும் சண்டை நடக்கிறது. டேப் அண்ணன் இப்போது பேருந்தில் மூன்று மணி நேரத் தொலைவில் உள்ள கூரை ஓடு செய்யும் தொழிற்சாலை ஒன்றில், முதலுதவி அறையில் பகல் வேலை பார்க்கிறார். தொழிற்சாலைக்குப் பின்னால் ஒற்றை அறை, சமையல் அவரே. தங்கையும் தங்கை மகனும் இதுவரை அவரோடு பேசவில்லை.