கோழிப்பண்ணையில் ஒரு மெயில் சர்வர்

நாமக்கல்லில் ஒரு முட்டை ஏற்றுமதிக் கம்பெனியில் ஆபீசைப் பார்த்துக்கொள்வது என் வேலை. முதலாளி ஆபீசில் உட்காரும் ஆளில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு மெயிலை இரண்டு நாள் கழித்துப் பார்த்து, ஒரு கன்டெய்னர் ஆர்டரைக் கோட்டை விட்டார். அதன்பிறகு, கம்பெனி மெயிலெல்லாம் உடனுக்குடன் செல்போனுக்கு வருகிற மாதிரி நல்ல சர்வராகப் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, நாலு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். வெளியே ஒரு பெரிய நிறுவனத்திடம் வாடகைக்கு எடுப்பதுதான் நல்லது என்று அடிக்கோடும் போட்டிருந்தேன். அவர் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

"நம்ம கடுதாசிய எவனோ ஊட்டுல வெக்கறதா அம்மிணி? அங்க கரண்டு போனா?"

"ஜெனரேட்டர் வெச்சிருப்பாங்கண்ணா."

"நம்ம பண்ணையிலயுந்தான் இருக்குது. ஃபேன் நின்னா கோழி செத்துப்போயிருமில்ல? ஜெனரேட்டரு கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடும். சர்வர அங்க கொண்டுபோயி வெய்யி."

கோழிக்கு இருக்கிற மரியாதை என் நாலு பக்கத்துக்கு இல்லையே என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் ராசிபுரம் ரோட்டில் இருந்த அந்தப் பண்ணையில் கரண்டு நின்றதே இல்லை என்பது உண்மை. சேலத்திலிருந்து வந்த இன்ஜினியர், குளித்து உடுப்பு மாற்றி உள்ளே போய், தீவன அறையில் சர்வரை மாட்டினார். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. முதலாளி கல்யாணப் பந்தியில் மெயில் படித்து, பக்கத்து இலைக்காரருக்கும் காட்டினார்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு மெயிலும் வராமல் எல்லோர் செல்போனும் ஊமையாகிவிட்டது. அன்று பார்த்து ஒரு பெரிய வியாபாரி, மெயிலில் கேட்டிருப்பதற்குச் சாயங்காலத்துக்குள் எழுத்தில் பதில் வேண்டும், இல்லையென்றால் ஆர்டர் வேறு கம்பெனிக்கு என்று போனில் சொல்லிவிட்டு விமானம் ஏறியிருந்தார்.

"இந்த ஆர்டர் போச்சுன்னா நாளைக்கு ஆபீசுக்கு வராத. சர்வரப் பாத்து எடுத்தது நீதான?" என்றார் முதலாளி. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

இன்ஜினியரைக் காரில் அள்ளிக்கொண்டு போனோம். கேட்டில் பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா நின்றார்.

"ஏனுங்க, காத்தால எங்கீங்க போயிருந்தீங்க?"

"பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில கேமரா மாட்டிட்டு வாரேனுங்க" என்றார் அந்த அப்பாவி இன்ஜினியர்.

அக்கா கேட்டைச் சாத்திவிட்டார். வேறு பண்ணைக்குப் போனவர்கள் மூன்று நாளைக்கு உள்ளே வரக்கூடாது, நோய் தொற்றிவிடும்.

"நானே சொல்றேன், உடு புள்ள!" என்றார் முதலாளி.

"நீங்க எழுதி வெச்சதுதானுங்களே" என்று அக்கா போர்டைக் காட்டினார். அடியில் முதலாளியின் கையெழுத்து இருந்தது.

ஆக, நான் போனேன். தலைக்குக் குளித்து, கிருமி கொல்லும் ஊதா மருந்துத் தண்ணீரில் கால் நனைத்து, பண்ணையில் கொடுத்த நைட்டியும் மேலே ஆம்பளைச் சட்டையுமாக சர்வர் முன்னால் நின்றேன். செல்போனுக்கும் உள்ளே அனுமதி இல்லை. இன்ஜினியர் கேட்டுக்கு வெளியே நின்று கத்தினார். ஆயிரக்கணக்கான கோழிகள் பதிலுக்குக் கத்தின. நடுவில் நின்ற அக்கா கேட்டுச் சொன்னார்.

"செவப்பு ஒயரப் புடுங்கோணுமாமா!"

"மூணு செவப்பு இருக்குதுக்கா!"

கடைசியில் பொறுமை இழந்து சுவிட்சை அணைத்து மறுபடியும் போட்டேன். வெளியே முதலாளியின் செல்போனில் மெயில் மணி அடிக்கிறது என்று அக்கா கத்தினார்.

கேட்டைத் தாண்டி வெளியே ஓடினேன். வியாபாரி கேட்டிருந்தது ஒரே கேள்விதான்: வேறு பண்ணைக்குப் போனவர் யாராவது மூன்று நாளைக்குள் உங்கள் பண்ணைக்குள் வந்தார்களா?

முதலாளி இன்ஜினியரைப் பார்த்தார். அக்காவை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"யாரும் வல்லீன்னு எழுது அம்மிணி" என்று செல்போனை என்னிடம் நீட்டினார். எழுதினேன். அடியில் பண்ணைப் பொறுப்பாளர் பெயர் கேட்டிருந்தது. முதலாளி தன் பெயரைப் போடச் சொன்னார். அந்த நைட்டியோடு நின்றபடியே, அக்காவின் பெயரை அடித்து அனுப்பிவிட்டேன்.