மெற்றில்டா அக்காவைக் கேட்காமல் அவருடைய குரல்

மெற்றில்டா அக்கா நேற்று விடியப் போய்விட்டார்... நித்திரையிலேயே. பாயில் கிடக்கவில்லை, ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்கவில்லை.

எங்கள் அரிப்பு ஊரில் கடல் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு நான் அறிமுகம் சொல்லத் தேவையில்லை. மற்ற நண்பர்களுக்காக... எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒவ்வொரு நாளும் காற்று எப்படி, கடல் எப்படி என்று வாய்ஸில் சொல்கிற அக்கா அவர்தான்.

அவர் பேசுவார், நான் வெட்டி ஒட்டிப் போடுவேன். அதற்கு முதல் மீனவர் சங்கக் கந்தோரில் வேலை செய்தபோது இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கதிரை.

ஏன் எழுதிப் போடக் கூடாது என்று தொடக்கத்தில் கேட்டேன். "ஈரக் கையோட நிக்கிறவன் போனைத் துடைச்சுத் துடைச்சு வாசிப்பானோ? உமக்கென்ன விசரோ?" என்றார். அதோடு சரி, வாய்ஸ்தான்.

ஸ்டூடியோ, அக்கா வீட்டு அலுமாரி. வெளியே காகம், வண்டிச் சத்தம், பக்கத்து வீட்டு டிவி... அதனால் கதவைத் திறந்து சேலைகளுக்கு நடுவே தலையை விட்டுத்தான் பேசுவார். கேட்கிறவர்களுக்குக் கொழும்பில் கண்ணாடி அறைக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கும். இங்கே ஒரு மனுசி பாதி அலுமாரிக்குள், பாதி வெளியே.

ஒருநாள் அக்காவின் கணவர் சூசை அண்ணன் உடுக்கச் சாரம் எடுக்க வந்து, "இதுக்குள்ள ஆரோடயப்பா கதைக்கிறாய்?" என்று கேட்டது அப்படியே பதிவாகிவிட்டது. வெட்டுவோம் என்றேன். கடலில் நிற்கிறவன் ஒருக்கால் சிரிக்கட்டுமே என்றார் அக்கா.

ஆனால் சும்மா போடவில்லை. அண்ணனைக் கூப்பிட்டு முழுவதையும் போட்டுக் காட்டி, "உங்கட குரலும் கிடக்கு, போடட்டோ?" என்று கேட்டார். மனிசன் வெட்கப்பட்டு ஓம் சொன்ன பிறகுதான் அது குரூப்புக்குப் போனது.

கட்டின புருசனுக்கே அப்படியென்றால் மற்றவர்களுக்குக் கேட்க வேண்டுமா... யார் பேசினாலும், அனுப்ப முதல் அந்த ஆளுக்கே போட்டுக் காட்ட வேண்டும். ஆள் வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே அழிக்க வேண்டும். எனக்குப் பத்திக்கொண்டு வரும். நல்ல நல்ல பேச்செல்லாம் அப்படிப் போயிருக்கிறது.

இழுவைப் படகு தன் வலையை அறுத்துவிட்டுப் போனதென்று ஒருவர் எங்களிடம் அழுதழுது பேசினார். போட்டுக் காட்டியதும், "நான் அழுகிறது வேண்டாம் அக்கா, பிள்ளையள் கேக்குங்கள்" என்றார். அழித்துவிட்டுப் புதிதாகப் பதிந்தோம்.

இதைக் கேள்விப்பட்ட யூடியூப்காரர் ஒருவர், அழுத பதிவு எங்காவது கிடக்கிறதா என்று எனக்குக் கோல் எடுத்தார். வியூஸ் அள்ளுமாம். அக்கா போனை என் கையிலிருந்து பறித்து, "வியூஸ் வந்து அவற்ற வலையைத் தைச்சுக் குடுக்குமோ தம்பி?" என்று கேட்டார்.

"பேஸ்புக், யூடியூப் எல்லாம் அடுத்தவன்ர வீட்டு வளவு. அங்க ஒண்டை விட்டிட்டு வாறதெண்டால் யோசிச்சு விடோணும்" என்பார். அக்காவின் டெக்னாலஜிக் கொள்கை முழுவதும் அவ்வளவுதான்.

நேற்றுப் பின்னேரம் செத்த வீட்டில் நிற்கும்போது என் போனுக்கு ஒரு வாய்ஸ் வந்தது... அக்காவின் குரல்.

"சோளகக் காத்து கொஞ்சம் மூசுது... கவனமாப் போயிட்டு வாங்கோ." அதே இழுப்பு, அதே மூச்சு.

அனுப்பியது கனடாவில் இருக்கிற அக்காவின் தம்பி றெஜி. அடக்கத்துக்கு வர வழியில்லை. பழைய பதிவுகளை ஏஐயில் கொடுத்து, அங்கே அப்போது இரவு, இரவிரவாக இருந்து செய்திருக்கிறான். "அக்கான்ர குரல் நிண்டுபோகக் கூடாது. ஒவ்வொரு நாளும் செய்து தாறன், குரூப்பில போடுவமோ?" என்று கேட்டான்.

நான் ஏஐக்கு எதிரி இல்லை. உண்மையில் போடத்தான் மனம் வந்தது. நாளைக்கும் அக்கா பேசுவார் என்றால் யாருக்குத்தான் கசக்கும்...

கொண்டுபோய்ச் சூசை அண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன். காதோடு வைத்துக் கேட்டார். திரும்பவும் கேட்டார். "அவள்தான்" என்று சிரித்தார், கண் நிறைந்துவிட்டது.

பிறகு போனை என்னிடம் நீட்டினார். "எனக்கு ஓம் எண்டுதான் வாயில வருது. ஆனால் குரல் அவளின்ரயெல்லோ... அவளிட்டக் கேக்க ஏலாதே."

"அப்ப அழிக்கட்டோ அண்ணன்?"

"ஓம், அழிச்சுவிடும். அவள் ஓம் எண்டு விட்ட பதிவுகள் எவ்வளவு கிடக்கு. எனக்கு அது காணும், வேற வேண்டாம்."

அவர் கண் முன்னாலேயே அழித்தேன்.

றெஜிக்குக் கோல் எடுத்துச் சொன்னேன். "அக்கா இருந்திருந்தால் எனக்கு நல்ல ஏச்சு விழுந்திருக்கும்" என்று சிரித்தான்... சிரித்தபடியே அழுதான். தன்னிடம் இருந்ததையும் அழித்துவிட்டான்.

அதற்குப் பிறகு தன் குரலிலேயே அக்காவுக்கு இரண்டு வார்த்தை பேசி அனுப்பினான். இடையில் அழுகிறான். போட்டுக் காட்டி, "இந்த அழுகையும் போகட்டோ?" என்று கேட்டேன். போகட்டும் என்றான். குரூப்பில் இருக்கிறது, கேளுங்கள்.

இன்று பின்னேரம் கோயிலில் பூசை, பிறகு அடக்கம். ஊர் வழக்கப்படி ஒரு படகும் இறங்கவில்லை.

அக்கா... இன்றைக்குக் கடலில் ஒருவரும் இல்லை. எல்லோரும் கரையில்தான் நிற்கிறோம்.

நீங்கள் ஆறுதலாகப் போங்கோ.