துணைக்கால் இல்லாத ராஜா

ஓடைப்பட்டியில் மைக் செட்டு வைத்திருக்கும் அம்மாவாசிக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, அவருடைய செட்டில் ஒருநாளும் கரகரப்பு வந்ததில்லை. இன்னொன்று, அவருக்கு மலையாளம் தெரியும். முதலாவது உண்மை. ஏனென்றால் ஆம்ப்ளிபயரைப் பார்த்துக்கொள்வது அவர் மனைவி நாகஜோதி.

கல்யாணத்துக்கு முன்னால் குமுளி டீக்கடை ஒன்றில் கொஞ்ச நாள் கிளாஸ் கழுவினார். மலையாளிகள் குடித்து வைத்த கிளாஸைக் கழுவினால் மொழி கையில் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ! ஒட்டியது 'எந்தா', 'சேட்டா', 'ஷெரி' மட்டும்தான். அதை வைத்தே, திராட்சை வாங்க வரும் கேரளா வியாபாரிகளிடம் ஊருக்காகப் பேரம் பேசுவார். வந்தவர்களுக்குத் தமிழ் தெரியும், பேரம் படிந்துவிடும். பேர் மட்டும் இவருக்கு.

ஒரே ஒரு குறை. இவ்வளவு மலையாளம் இருந்தும் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு திருவிழாகூட மாட்டவில்லை. அந்த ஆசை அவரைத் தூங்கவிடவில்லை.

போன மாசியில் போன் வந்தது.

"அண்ணே, கட்டப்பனைக்கு அங்கிட்டு எங்க குடியில திருவிழா. மைக் செட்டு வேணும்" என்றார் பேசியவர். பெயர் தேவன். சுத்தமான தமிழ். ஆனால் கேரளா நம்பரைப் பார்த்ததும் அம்மாவாசிக்கு நாக்கு ஊறிவிட்டது.

"எந்தா சேட்டா!"

எடுத்தவர் மலையாளி போலிருக்கிறது என்று தேவனும் மலையாளத்துக்கு மாறினார். கடகடவென்று ஓடிய அந்தப் பேச்சில் 'மன்னான் கூத்து' என்ற ஒன்றுதான் அம்மாவாசியின் காதில் தங்கியது. அதிலும் துணைக்கால் வழியிலேயே விழுந்துவிட்டது. மற்றதற்கெல்லாம் 'ஷெரி, ஷெரி' என்று சொல்லி போனை வைத்தார். மன்னான் என்பவர்கள் இடுக்கி மலையில் காலங்காலமாக வாழும் பழங்குடி மக்கள். அவர்கள் ஊருக்குக் குடி என்று பேர், அவர்கள் ஆடுவது மன்னான் கூத்து. இவர் கேட்டது மன்னன் கூத்து.

"ராஜா நாடகம்டி! சும்மா மைக்க மட்டும் கொண்டு போனா நம்மள மதிப்பாகளா?"

"எந்த ராஜா கதன்னு ஒரு வார்த்த விசாரிச்சீகளா?" என்றாள் நாகஜோதி.

"எல்லாம் மலையாளத்துல விசாரிச்சாச்சு. ஒனக்குப் புரியாது."

கல்யாண மண்டபத்துச் சிவப்பு நாற்காலி, அனுமந்தன்பட்டி நாடகக்காரரிடம் இரவல் வாங்கிய கிரீடம், முறுக்கு மீசை, தர்பார் படுதா எல்லாம் வண்டியேறின. போதாததற்கு 'மன்னர் வருகிறார்' என்று ஒரு பிளக்ஸ். கம்பம் மெட்டு வளைவுகளில் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு போனவள் நாகஜோதிதான்.

குடியில் இறக்கி வைத்ததும் கூட்டம் கூடிவிட்டது. தேவன் பிளக்ஸைப் படித்தார். கிரீடத்தைப் பார்த்தார். அம்மாவாசி நெஞ்சை நிமிர்த்தி, "எந்தா சேட்டா, ஷெரியா?" என்றார்.

"அண்ணே, நீங்க தமிழா?" தேவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எங்க வீட்டுப் பேச்சே தமிழ் மாதிரிதாண்ணே. எங்க பாட்டன் பூட்டன் மதுரைப் பக்கமிருந்து மலையேறுனாகன்னுதான் எங்க கதையே சொல்லுது. நாங்க மன்னான். மன்னன் இல்ல."

தவளை தன் வாயால் கெட்டது. அம்மாவாசிக்கு முகம் செத்துவிட்டது. இப்படியே திருப்பி அனுப்பிவிட்டால் வருசா வருசம் வர வேண்டிய திருவிழா போச்சு. ஊரில் மலையாளமும் போச்சு. உள்ளபடியே அவருக்கு அழுகை வந்தது.

தேவன் பெரியவர்களிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். "கொண்டாந்தது வீணாக வேண்டாம். எங்க கூத்துல மதுரை ராஜா ஒருத்தர் வருவாரு. தீர விசாரிக்காம ஒரு பொண்ணோட புருசன வெட்டச் சொன்னவரு. இந்த வாட்டி நீங்களே உக்காருங்க. அந்தப் பொண்ணு நியாயம் கேக்கயில ஒரே ஒரு வசனம் சொன்னாப் போதும்."

பொழுது சாய்ந்ததும் கூத்து தொடங்கியது. சிவப்பு நாற்காலியில் ராஜா கிரீடத்தோடு உட்கார்ந்திருந்தார். சேலை கட்டி ஆடிய கூத்தர் எதிரே வந்து நின்று நியாயம் கேட்டார். பார்த்துக்கொண்டிருந்த பெண்களும் சேர்ந்து ராஜாவை ஏசினார்கள். அம்மாவாசி மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் வராத வசனம் அது.

"தப்பு... எம்மேலதேன். நான் விசாரிக்கல."

கூட்டம் ஓவென்று கைதட்டியது. ஆம்ப்ளிபயர் பக்கமிருந்து நாகஜோதி தேவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, மைக்கு சரியா எடுக்கல. ராஜாவ இன்னொருக்கச் சொல்லச் சொல்லுங்க!"

அந்தச் செட்டு ஒருநாளும் மக்கர் பண்ணாது என்பது ராஜாவுக்குத் தெரியும். இருந்தும் சொன்னார். அதற்குள் நாகஜோதி சத்தத்தை முழுசாகத் திருகி வைத்திருந்தாள்.