முளைக்காத வித்துகள்

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் பூஞ்சக்கா. பயிர் தின்னும் புழுக்களைக் கொல்லும் வெள்ளைப் பூஞ்சையைப் பதினாறு வருடமாக வளர்த்துக் கொடுப்பவள். வேகவைத்த அரிசியில் பூஞ்சை படர்ந்ததும் காயவைத்து, பொடித்து, பாக்கெட்டில் அடைப்பார்கள். தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் அதன் வித்துகள் புழுவின் தோலில் முளைத்து உள்ளே இறங்கிவிடும். வித்துக்கு உயிர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் துறைத்தலைவர் தன் புது இயந்திரத்துக்காக, பாக்கெட்டுகளை வைத்திருந்த குளிரறையைக் காலி செய்தார். பாக்கெட்டுகள் தகரக் கொட்டகைக்குப் போயின. "வெந்துடும் சார்" என்று அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. இரண்டு மாதம் கழித்துச் சோதித்தாள். நூறு வித்தில் மூன்றுதான் முளைத்தன.

தரச் சான்றிதழில் தொண்ணூறு என்று ஏற்கெனவே அடித்து வைத்திருந்தார்கள்.

"கையெழுத்தப் போடும்மா. வயலுக்குப் போனா தானா தேறிடும்," என்றார் தலைவர்.

"செத்தது எங்க சார் தேறும்?"

"வளக்கறது உன் வேலை. யோசிக்கறத எங்ககிட்ட விடு."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வீட்டில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த கணவர், "நீ போடலன்னா வேற யாராவது போட்டுடுவாங்க" என்றார்.

"போடட்டும். என் கை போடாது."

அவர் சொன்னபடியே வேறொருவர் போட்டார். விவசாயிகளுக்குப் பாக்கெட் வழங்கும் நாளன்று பூஞ்சக்கா இரண்டு நுண்ணோக்கிகளைத் தூக்கிவந்து மேசையில் வைத்தாள். வரிசையில் முதலில் நின்ற பெண்ணைக் கூப்பிட்டாள்.

"இது நான் தனியா ஃப்ரிட்ஜ்ல குளுகுளுன்னு வெச்சிருந்தது. வால் மாதிரி நீட்டிட்டு இருக்கு பாருங்க, அதான் முளை. இப்ப இதப் பாருங்க. இது உங்க பாக்கெட், தகரக் கொட்டகையில வெந்தது."

அந்தப் பெண் வெகுநேரம் பார்த்தாள். "போன மாசம் குடுத்ததும் இந்தக் கொட்டகைதானா?"

"ஆமா. அத யாரும் சோதிக்கவே இல்ல."

"தெளிச்ச இலையையே புழு ருசிச்சுத் தின்னுச்சு. கேட்டா, நான்தான் தப்பா கலக்கிட்டேன்னு சொன்னாங்க." பாக்கெட்டை மேசையில் போட்டுவிட்டு நடந்தாள். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகப் போட்டார்கள்.

பாக்கெட்டுகள் எரிக்கப்பட்டன. குளிரறை பூஞ்சைக்கே திரும்பியது. மேலிடத்து விசாரணை அறிக்கையில், வித்துகள் செத்ததற்குக் காரணம் மின்வெட்டு என்று இருந்தது. தலைவர் அதே நாற்காலியில் இருந்தார். பூஞ்சக்காவைப் புட்டி கழுவ மாற்றினார்கள்.

இப்போது பாக்கெட் வாங்க வருகிறவர்கள், "பூஞ்சக்கா பாத்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை நீட்டுகிறார்கள். ஆய்வுக்கூடத்துக்காரர்கள் வேறு வழியின்றி அவளைக் கூப்பிடுகிறார்கள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

ஆனால் அவள் கோபம் ஆறவில்லை. "மின்வெட்டாம்ல," என்று புட்டியை அழுத்தித் தேய்க்கிறாள்.