உட்கார்ந்த அளவு

இடது கைப் பெருவிரல் அட்டையின் மடிப்பை அழுத்திப் பிடித்திருக்க, வலது கை கத்தரியை மெதுவாக நகர்த்துகிறது. வெட்டிய துண்டை எடுத்துப்போய், பானெட் திறந்து நிற்கும் பழைய காரின் வயிற்றுக்குள் வைத்துப் பார்க்கிறார். ஒரு மூலை இடிக்கிறது. வெளியே எடுத்து அந்த மூலையில் அரிசியளவு நறுக்கிவிட்டு மறுபடி வைக்கிறார். பிறகு உள்ளங்கையை அதன் மேல் பரப்பி, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறார்.

பட்டறைத் தெருவில் இவருக்கு அட்டைக்காரர் என்றுதான் பெயர். எதையும் அட்டையில் செய்து பார்க்காமல் இரும்பைத் தொட மாட்டார். அதனால் வீட்டில் ஒரு அட்டைப்பெட்டி தங்குவதில்லை. "ஃபேன் வாங்கி வாரண்டி அட்டையில முத்திரைகூடக் காயல, அதுக்குள்ள பெட்டியக் காணோம்" என்று மனைவி ஃபோனில் கத்தினால், "ஃபேன் இருக்கில்ல, அப்புறம் என்ன" என்று வைத்துவிடுவார்.

பிடித்த போல்ட்டை முறுக்கி முடிக்காமல் டீயைத் தொடுவதில்லை. ஆகவே அவர் குடித்த டீ எல்லாம் ஆறின டீ. இன்னொரு பழக்கம், இஞ்சினின் சத்தம் கேட்கும்போது வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது. "மூஞ்சியப் பாத்தா காது ஏமாந்துடும்" என்பார்.

இப்போது கையில் இருப்பது தையற்கடை அக்காவின் கார். வெண்ணெய் நிறம், உருண்டை விளக்குகள், ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர்க் கம்பி. மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் சீருடை தைத்து, மூட்டை மூட்டையாகத் தானே ஓட்டிக்கொண்டுபோய்க் கொடுத்து வந்தவர் அவர். இடது முழங்காலில் அறுவை நடந்தபின் கால் நடக்கிறது, மாடிப்படி ஏறுகிறது, ஆனால் கிளட்சை மட்டும் முழுதாக அமுக்க மறுக்கிறது. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் புதிய கார் ஒன்று வாங்கித் தருவதாக மகன் சொன்னான். கடையில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார். "நல்லாத்தான் இருக்கு. யார் வீட்டுக்கோ விருந்துக்குப் போன மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு நேராக அட்டைக்காரரிடம் வந்தார்.

அக்கா கேட்டது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டும்தான். அக்காவின் வீடோ மேட்டுச் சாலையின் உச்சியில் இருக்கிறது. அந்தக் கியர்ப்பெட்டியையும் சுமந்துகொண்டு பழைய இஞ்சின் அங்கே ஏறினால் பாதி வழியில் மூச்சு வாங்கும். எனவே இஞ்சினும் பெரிதாக வேண்டும். பின்னால் அடிபட்டு நொறுங்கிக் கிடந்த ஒரு பெரிய காரில், அடிபடாத இஞ்சினும் ஆட்டோமேட்டிக் பெட்டியும் ஒட்டிய ஜோடியாகக் கிடைத்தன.

ஒப்பந்தம் பட்டறை வாசலிலேயே ஆனது. "நீயே ஓட்டிக்கிட்டு மேட்டு வீடு வரைக்கும் வந்துட்டா நான் வாயே திறக்க மாட்டேன்மா. வழியில நின்னுச்சுன்னா வித்துடணும். ஆள் ரெடியா இருக்காரு" என்றான் மகன். வாங்கும் ஆள் ஏற்கெனவே வந்து கதவுகளைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். "சரிடா" என்ற அக்கா, அட்டைக்காரரிடம் திரும்பித் தன் நிபந்தனையைச் சொன்னார். "உள்ள என்ன வேணா பண்ணிக்கோ தம்பி. வெளியில ஒரு ஓட்டை, ஒரு வீக்கம் கூடாது. ஒட்டுப் போட்டது வெளிய தெரிஞ்சா அப்புறம் நான் என்ன தையக்காரி?"

அட்டைக்காரர் முதலில் பிரேக்கை மாற்றினார். "ஓடுறதுக்கு முன்னாடி நிக்கக் கத்துக்கட்டும்." காரைத் தாங்கிகளின் மேல் தூக்கி நிறுத்தி, பெரிய இஞ்சினின் உடம்பை அப்படியே அட்டையில் கட்டி உள்ளே இறக்கினார். இடித்த இடமெல்லாம் குறித்துக்கொண்டார். கியர்பாக்ஸ் குண்டு; அதற்காகத் தரையின் நடுமேட்டை வெட்டி அகலப்படுத்தினார். பின் சக்கரத்துக்குப் போகும் தண்டைக் லேத் கடைசல்காரரிடம் கொடுத்துக் குட்டையாக்கினார். ஸ்டியரிங் பக்கத்துக் கியர்க் கம்பியைக் கழற்றவில்லை. அதே கம்பி புதிய பெட்டிக்குக் கட்டளை சொல்லும்படி இணைத்தார். பற்றவைப்பு வேலை மனைவியின் தம்பியுடையது. நெருப்பு பறக்கும்போதும் அவன் வாய் மூடாது. "அட்டையிலயே ஓட்டிடலாம் மாமா, பெட்ரோல் மிச்சம்" என்பான்.

இஞ்சின் இறங்கியது. பானெட் ஒரு விரல் இடைவெளியில் அதைத் தாண்டிப் பொருந்தி, டப் என்று மூடியது. மச்சினன் விசில் அடித்தான். காரைத் தாங்கியிலிருந்து இறக்கித் தரையில் விட்டார்கள். அட்டைக்காரர் ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

கிர்ரென்றது.

குனிந்து பார்த்தவர் எழுந்திருக்கவில்லை. வண்டி தாங்கியில் நின்றபோது முன் அச்சு தளர்ந்து கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையில்தான் அளவெல்லாம் எடுத்திருந்தார். தரையில் இறங்கி எடை உட்கார்ந்ததும் ஸ்பிரிங் அமுங்கி, அச்சு மேலே வந்து, சக்கரங்களைத் திருப்பும் குறுக்குத் தண்டு இஞ்சினின் எண்ணெய்த் தொட்டியை உரசுகிறது. பள்ளத்தில் இறங்கினால் உரசலோடு நிற்காது.

"இஞ்சினத் தூக்கி வச்சிடலாம் மாமா," என்றான் மச்சினன். "பானெட்ல ஒரு ஓட்டை போட்டு மேல கூடு கட்டிடறேன். ரேஸ் வண்டி மாதிரி இருக்கும்."

"அவங்க ரேஸுக்கா போறாங்க?"

"அவங்க ஓட்டி நீங்க பாத்ததில்ல போல."

அட்டைக்காரர் சிரிக்கவில்லை. அப்போது துணி மூட்டைகளோடு ஆட்டோவில் வந்த அக்கா, பட்டறையின் அமைதியைப் பார்த்தே புரிந்துகொண்டு இறங்கினார். அட்டைக்காரர் நடந்ததை மறைக்காமல் சொன்னார். அக்கா கைத்தடியை ஊன்றி முடிந்த மட்டும் குனிந்து பார்த்தார்.

"நிக்க வச்சு அளவெடுத்தியா?"

"ஆமாக்கா."

"நானும் முதல் பேண்ட்ட அப்படித்தான் தைச்சேன். வாடிக்கைக்காரர் போட்டுக்கிட்டு நின்னாரு, ராஜா மாதிரி இருந்தாரு. உக்காந்தாரு, கிழிஞ்சுடுச்சு." சுற்றிலும் கிடந்த அட்டைகளைப் பார்த்தார். "உக்கார வச்சு எடு. குனியவும் வச்சு எடு."

அட்டைக்காரருக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. அது அடங்குவதற்குள் ஸ்பேனரை எடுத்துவிட்டார்.

குழாய், கம்பி, ஒயர் எல்லாம் கழன்று இஞ்சின் மறுபடி வெளியே வந்தது. பழைய எண்ணெய்த் தொட்டி வாய்மட்டும் எவ்வளவு தண்ணீர் கொள்கிறது என்று வாளியில் ஊற்றி அடையாளம் வைத்தார். காரைத் தரையிலேயே நிறுத்தி, இஞ்சினின் எடைக்குச் சிமெண்ட் மூட்டைகளை முன்பக்கம் அடுக்கினார். பிறகு இன்னும் சில மூட்டைகளை ஏற்றி, பள்ளத்தில் இறங்கிய வண்டியைப்போல் மூக்கு தாழ்ந்து நிற்கும்படி செய்தார். போதாதென்று மச்சினனையும் மேலே உட்காரச் சொன்னார். "அக்கா வண்டிய உக்காரச் சொன்னாங்களா, என்னையா?" என்று கேட்டுக்கொண்டே அவன் ஏறினான்.

அந்த நிலையில் புதிய தொட்டிக்கு அட்டை வெட்டினார். குறுக்குத் தண்டு வரும் இடத்தில் அடியை உள்ளே குழித்தார். அங்கே இழந்த இடத்தைப் பக்கவாட்டில் ஒரு பையாக வெளியே தள்ளினார். எண்ணெய் உறிஞ்சும் குழாயையும் அதற்கேற்ப வளைத்தார். மச்சினன் தகட்டைப் பற்றவைத்து முடித்ததும், மண்ணெண்ணெய் ஊற்றிப் பழைய செய்தித்தாளின் மேல் தொட்டியை வைத்தார்கள். மறுநாள் தாள் காய்ந்தே இருந்தது. வாளித் தண்ணீரை ஊற்றினார். கடைசிச் சொட்டு விழுந்தபோது தண்ணீர் வாய்மட்டத்தில் வந்து நின்றது.

இஞ்சின் இரண்டாவது முறையாக உள்ளே போனது. தரையில் நின்ற காரின் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் திருப்பினார். சத்தமே இல்லை. பானெட்டை மூடினார். டப்.

வண்டியை எடுத்துப்போக அக்கா வந்தபோது மகனும் கூட வந்தான். அக்கா பானெட்டின் மேல் விரல்களை மெல்ல ஓட்டி, ஒட்டுத் தேடினார். அகப்படவில்லை. உள்ளே உட்கார்ந்து கீழே பார்த்தார். கிளட்ச் இருந்த இடத்தில் சின்னதாக ஒரு பலகை, அதன் மேல் பழைய கிளட்சின் தேய்ந்த ரப்பர்.

"இது எதுக்கு தம்பி?"

"பழக்க தோஷத்துல கால் தேடும்கா. தேடி வந்தா வைக்க இடம் வேணுமில்ல."

அக்கா இடது காலை அதன்மேல் வைத்து, இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்துக்கொண்டார். அட்டைக்காரர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துத் துடைத்து, இரு கையாலும் கொடுத்தார். "கம்பிய இந்த எழுத்துக்குக் கொண்டுவந்துட்டு மறந்துடுங்க. மிச்சத்த அது பாத்துக்கும்."

"பெல்ட்டப் போடுடா," என்றார் அக்கா மகனிடம்.

பட்டறை வாசலிலிருந்தே மேட்டுச் சாலை தொடங்குகிறது. கார் திரும்பி அதில் ஏறியதும் தெருவே வெளியில் வந்து பார்த்தது. அட்டைக்காரர் மட்டும் சாலைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். வலது கையில் ஒரு விரல் உயர்ந்திருந்தது, முதல் கியருக்கு. சத்தம் ஏறி, ஒரு கணம் தணிந்து, மறுபடி ஏறியது. இரண்டாவது விரல் எழுந்தது. வளைவுக்கு அப்பால் ஒலி மெலிந்துகொண்டே போய், இன்னொரு முறை தணிந்து ஏறியது. மூன்றாவது விரல்.

அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று விரல்களும் அப்படியே நின்றன.

உச்சியிலிருந்து ஹார்ன் கேட்டது. நீளமாக, எடுக்க மனமில்லாத கையால் அமுக்கியதுபோல்.

அட்டைக்காரர் விரல்களை மடக்கினார். திரும்பிப் பார்க்காமலே பெஞ்சுக்குப் போய், காலையிலிருந்து காத்திருந்த டீயை எடுத்து, மேலே படிந்த ஆடையை ஊதி ஒதுக்கி, சூடான டீயைக் குடிப்பதுபோல் ரசித்துக் குடித்தார்.