ஜொவிட்டா விற்ற தொண்ணூற்றொரு நாற்காலிகள்

லஸ் பக்கத்துச் சங்கீத சபா ஒன்றின் டிக்கெட் கவுன்ட்டரில் ஜொவிட்டா பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். யாரோ மூன்று மாத லீவில் போக, அந்த இடத்துக்குச் சாந்தோமிலிருந்து வந்தவள். போனவர் திரும்பவேயில்லை. மயிலாப்பூர் ரசிகர்களின் முழங்கால், முதுகு, மனஸ்தாபம் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். தூண் மறைக்காத இடம் யாருக்கு, ஏசி காற்று நேரே படாத இடம் யாருக்கு, சம்பந்தி கண்ணில் படாத இடம் யாருக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

கச்சேரியைப் பற்றிக் கேட்டால் மட்டும் தெரியாது. கவுன்ட்டர் ஜன்னல் தெருவைப் பார்த்தது. உள்ளே பாட்டு சூடு பிடிக்கும்போது இவள் பெட்டியைப் பூட்டி, ஏழரைக்கெல்லாம் ஷேர் ஆட்டோவில் இருப்பாள். பத்தொன்பது சீசனில் ஒரு கச்சேரியைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. பார்த்து ஆக வேண்டியது ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றியதும் இல்லை.

இந்த சீசனுக்கு முன்னால் சபாவின் செயலாளர் வேம்பு அவளைக் கூப்பிட்டார்.

"டிக்கெட்டை எல்லாம் வெளிக் கம்பெனிகிட்ட குடுத்துடலாம்னு கமிட்டில பேசிண்டிருக்கா. ஏஐ வச்சுண்டு அதுவே எல்லாம் பண்ணிடுமாம். கவுன்ட்டர் வேண்டாங்கறா. நீ என்னம்மா சொல்றே?"

"நானே செஞ்சிடறேன் சார்."

"என்னத்தை?"

"அவங்க எதைச் செய்யப் போறாங்களோ, அதை."

வேம்பு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு அவளை இன்னொரு தடவை பார்த்தார். முதல் ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி பிசகில்லாமல் நடந்தால் கவுன்ட்டர் அவளுடையது. பிசகினால் திங்கட்கிழமை கம்பெனிக்காரர் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். இப்படி முடிவாயிற்று.

ஜொவிட்டா அலட்டிக்கொள்ளவில்லை. சபா எப்போதோ வாங்கிவிட்டுத் திறந்தே பார்க்காத புக்கிங் மென்பொருள், வாட்ஸ்அப், வாசலில் டிக்கெட்டை ஸ்கேன் செய்யும் மிஷின் மூன்றையும் ஒரு ஏஐ கருவியோடு இணைத்தாள். எங்கே முட்டியதோ அங்கே அதையே கேட்டாள். தப்பாகச் சொன்னபோது திட்டினாள். அது மன்னிப்புக் கேட்டது. அந்தக் கட்டிடத்தில் அவளிடம் மன்னிப்புக் கேட்ட முதல் ஜீவன் என்பதால் அதன்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

விதிகளைத் தமிழிலேயே எழுதிக் கொடுத்தாள். கடைசி விதி இது: 'ஸ்கேன் செய்து வெளியே போனவரின் இடம் காலி. காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு உடனே பாதி விலைக்குக் கொடு.' இடம் கிடைக்காதவர்கள் தெருவில் நிற்க, பாதியில் கிளம்பி வீட்டுக்குப் போகிறவர்களை ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து எரிச்சலடைந்தவள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கு அரங்கம் நிறைந்தது. 'முன் வரிசை, ஆனா ரொம்ப முன்னால வேண்டாம்' என்று கேட்டவருக்குக்கூடக் கருவி நாலாம் வரிசை கொடுத்து நன்றி வாங்கியிருந்தது. முதல் நாளாயிற்றே என்று ஜொவிட்டா அன்றைக்கு மட்டும் ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டாள்.

ஏழு நாற்பதுக்குப் பாடகி ஓய்ந்து, மிருதங்க வித்வான் தனி ஆவர்த்தனம் வாசிக்க ஆரம்பித்தார். மயிலாப்பூரில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: கேன்டீனில் கீரை வடை சூடாக இருக்கிறது. தொண்ணூற்றொரு பேர் எழுந்தார்கள். வாசல் மிஷின் தொண்ணூற்றொரு தடவை கீச்சிட்டது. நாலே நிமிஷத்தில் அத்தனை இடமும் விற்றுப்போயின. வாங்கியவர்கள், இந்தத் தனியைக் கேட்கவென்றே ஆதம்பாக்கத்திலிருந்தும் வேளச்சேரியிலிருந்தும் வந்து, டிக்கெட் கிடைக்காமல் நடைபாதையில் நின்றிருந்த மிருதங்க மாணவர்கள். முப்பது வருஷமாக ரசிகர்களின் முதுகைப் பார்த்தே வாசித்துப் பழகிய வித்வான், கூட்டம் உள்ளே வருவதை முதல் தடவையாகப் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வடையை முடித்து முதலில் திரும்பியவர் வேம்புதான். வாசலில் மிஷினோடு நின்ற கபாலி கையை நீட்டி மறித்தான்.

"செவப்பு காட்டுது சார்."

"நான் செயலாளர்டா."

"எனுக்குத் தெரியும் சார். மிஷினுக்குத் தெரில. உன் சீட்டுல வேளச்சேரிப் பையன் ஒருத்தன் குந்திக்கினு கீறான்."

"என் சீட்டுலயா?"

"உன்னுது மட்டும் இல்ல சார். பின்னால பாரு."

பின்னால், உதட்டில் எண்ணெய் மினுங்கத் தொண்ணூறு பேர் நின்றார்கள்.

"வடை திங்கப் போன நேரத்துல ஆத்தையே வித்துட்டேளே ஓய்" என்றார் ஒருவர்.

ஜொவிட்டா வந்தாள்.

"உன் மிஷின் பண்ணின காரியத்தைப் பாத்தியா?" என்றார் வேம்பு.

"மிஷின் ஒண்ணும் பண்ணல சார். எழுதினது நான். போறவங்க திரும்பி வருவாங்கன்னு எனக்குத் தெரியாது."

"பத்தொன்பது வருஷமா இங்க இருக்கே. தனிக்கு எழுந்து போவான்னு தெரியாதா?"

"நான் ஜன்னல்ல இருக்கேன் சார். நீங்க கேன்டீனுக்குப் போறது தெருவுக்குத் தெரியாது."

"அப்போ உள்ள இருக்கறவாளை எழுப்பு."

"டிக்கெட் வாங்கி உக்காந்தவங்களை எழுப்ப முடியாது சார்." கபாலி பக்கம் திரும்பினாள். "இந்தப் பசங்க எவ்ளோ நேரம் இருப்பாங்க?"

"தனி முடிஞ்சா எகிறிடும்க்கா. அப்பால வர்ற குட்டிப் பாட்டுக்கெல்லாம் ஒண்ணுகூட நிக்காது. வருசா வருசம் பாக்கறேனே."

அவளுக்கு அது போதும். நின்றபடியே போனில் இரண்டு வரி தட்டினாள். தொண்ணூற்றொரு பைகளில் போன் அதிர்ந்தது: 'தனி முடியும்வரை உங்கள் இடத்தை இரவல் கொடுத்ததற்கு நன்றி. அதுவரை கேன்டீனில் அடையும் காபியும் சபாவின் உபசாரம். தனி முடிந்ததும் உங்கள் இடம் உங்களுக்கே.'

செய்தியைப் படித்து முடிப்பதற்குள் கூட்டம் திரும்பிவிட்டது. வீடே பறிபோனதாகப் புலம்பியவர்தான் எல்லாருக்கும் முன்னால் நடந்தார்.

"செலவு யார் தலையில?" என்றார் வேம்பு.

"உள்ள இருக்கறவங்க குடுத்ததுல சார். மிச்சமே வரும். உங்களுக்கும் அடை இருக்கு, போங்க."

வேம்பு போனார். வித்வான் நாற்பத்திரண்டு நிமிஷம் வாசித்தார். கபாலி சொன்னபடியே மாணவர்கள் மொத்தமாக எழுந்து வெளியேற, சிவப்பு பச்சையாயிற்று. தொண்ணூற்றொரு பேரும் ஏப்பத்தோடு வந்து அவரவர் நாற்காலியில் அமர்ந்து, குட்டிப் பாட்டுகளுக்குத் தலையாட்டினார்கள். நாளைக்கும் தனியின்போது இடத்தை இரவல் தருவீர்களா என்று கருவி கேட்டிருந்தது. எண்பத்தெட்டுப் பேர் சரியென்றார்கள். மீதி மூன்று பேர் அடைக்குப் பதில் ரவா தோசை உண்டா என்று விசாரித்திருந்தார்கள்.

கச்சேரி முடிந்ததும் வேம்பு கவுன்ட்டருக்கு வந்தார்.

"சரிம்மா. அந்தக் கம்பெனிக்காராளை நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிடறேன்."

"சொல்லியாச்சு சார். உங்க பேர்லதான்."

"எப்போ?"

ஜொவிட்டா போனைப் பார்த்தாள். "எட்டே காலுக்கு. நீங்க ரெண்டாவது அடை சாப்பிட்டுட்டு இருந்தீங்க."