பெரிசும் சிறிசும்

என் மகளின் வயிற்றில் இரண்டு என்று தெரிந்த அன்று, திருத்தங்கலில் எங்கள் அச்சாபீஸுக்குப் பக்கத்து டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன். ஆளுக்கு இரண்டு. ஒன்று போதும் என்றவரையும் விடவில்லை. "எங்க வீட்டுல இனிமே ஒத்தையே கிடையாது" என்று சொல்லித் திணித்தேன். ஐம்பதைத் தாண்டிய ஒரு மனுஷன் எப்படியெல்லாம் நடந்துகொள்ளக் கூடாதோ, அப்படியெல்லாம் நடந்துகொண்டேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். "ஊரெல்லாம் தண்டோராப் போட்டாச்சா? இன்னும் யாராவது மிச்சம் இருக்காகளா?"

ஆறாம் மாதம் விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனில் பேச்சு மாறியது.

ஆணா பெண்ணா என்று கேட்கக் கூடாது என எழுதிப்போட்ட பலகைக்கு எதிரே நானும் மருமகனும் உட்கார்ந்திருந்தோம். டாக்டரம்மா எங்களையும் உள்ளே கூப்பிட்டார். ஒன்று மாதத்துக்கேற்றபடி வளர்ந்திருக்கிறது, இன்னொன்று பின்தங்கி நிற்கிறது என்றார். நிறையவே பின்தங்கி. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒன்றுக்குப் பெரிசு, மற்றதற்குச் சிறிசு என்று பெயர்.

மருமகன் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டார். "மேடம், நான் நாள் முழுக்கப் பட்டாசு மருந்துக்குள்ள கிடக்குற ஆளு. சட்டையில ஒட்டிட்டுத்தான் வீட்டுக்குப் போறேன். அதனால இருக்குமோ?"

"அதனாலன்னா ரெண்டுமில்ல சிறுத்திருக்கணும்? உங்களால இல்ல. ரெண்டு பிள்ளைக்கும் நஞ்சுக்கொடி ஒண்ணுதான். அதுல பெரிய பங்கு ஒண்ணுக்குப் போயிருச்சு, சின்னப் பங்கு இன்னொண்ணுக்கு. யாரும் செஞ்சதில்ல, யாராலயும் மாத்தவும் முடியாது."

மருமகன் தலையை ஆட்டினார். ஆனால் மகளைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கொல்லையில் இரண்டு தடவை குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். "மாப்ள, இந்தத் தேய்ப்புத் தேய்ச்சா தோலு போயிரும்" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. மகளின் கட்டிலிலிருந்து தள்ளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டார்.

யாராலும் மாற்ற முடியாது என்று சொன்னதை நான் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அச்சாபீஸில் தாளின் ஒரு பக்கம் வெளுத்து வந்தால், அந்தப் பக்கத்துக்கு மை விடுகிற திருகை லேசாகத் திறந்துவிடுவேன். ரெண்டு பக்கமும் சமமாகிவிடும். முப்பது வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். சிறிசு வலப்பக்கம் இருப்பதாக ஸ்கேனில் சொன்னார்கள் அல்லவா? மகளிடம், "ஏத்தா, கொஞ்சம் வலப்பக்கமாவே மென்னு தின்னு பாரேன்" என்றேன்.

மகள் கையில் பிட்ட இட்லியோடு என்னைப் பார்த்தாள். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பிள்ளை பல்லுலயா இருக்கு? கேக்குறவுக சிரிப்பாக."

"நானும் சிரிக்கத்தான் சொன்னேன்" என்று சமாளித்தேன். உண்மையில், அவள் வலப்பக்கமாகத்தான் மெல்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. எங்கள் அச்சாபீஸில் ஆடிப்பெருக்குக்கே அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியாகிவிடும். அதன் பிறகு ஆர்டர் மேல் ஆர்டர். நாங்கள் அத்தனை பேரும் அடுத்த வருஷத்துக்குள்தான் குடியிருப்போம். என் வீட்டுச் சுவரில் ஆடியிலேயே இந்த வருஷத்தைக் கழற்றிவிட்டு, சரிபார்க்கக் கொண்டுவந்த புது வருஷத் தினசரிக் காலண்டரை மாட்டிவிட்டேன். ஏழாம் மாதம் வளைகாப்பு வைப்பதென்றால் அச்சு வேலை கழுத்தை நெரிக்கும் சமயம். அதனால் ஒன்பதாம் மாதமே வைத்துக்கொள்ளலாம் என்று அந்தத் தினசரியைப் புரட்டி, தை மாதத்தில் வளர்பிறையில் ஒரு முகூர்த்தம் பிடித்தேன். மண்டபம்கூடக் கேட்டுவைத்துவிட்டேன். அடுத்த ஸ்கேனுக்குப் போனபோது டாக்டரம்மாவையும் வளைகாப்புக்கு அழைத்தேன்.

"எப்ப வச்சிருக்கீங்க?"

"தையில மேடம். நல்ல முகூர்த்தம். நாங்களே அச்சடிச்சது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அய்யா, ரெட்டைப் பிள்ளை நல்லபடியா வளந்தாலே தை வரைக்கும் உள்ள இருக்காது. இது இருக்குற நெலமைக்குக் கார்த்திகையைத் தாண்டுனாலே நமக்குப் பெரிய விஷயம்."

வீட்டுக்கு வந்து கார்த்திகை எப்போது என்று பார்க்கச் சுவர்ப்பக்கம் போனேன். புது வருஷக் காலண்டர் மார்கழிப் பாதியில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் நாளே கிடையாது. லட்சக்கணக்கில் காலண்டர் அடிக்கிறவன், நடக்கிற வருஷத்தின் தேதி பார்க்க டீக்கடைக்கு ஓடினேன். வடைச்சட்டிக்கு மேலே எண்ணெய்ப் பிசுக்கேறித் தொங்கிய காலண்டரில் கார்த்திகை கையெட்டும் தூரத்தில் இருந்தது. தாள்கள் மெல்லிசாக ஒட்டிக்கொண்டிருந்தன. டீக்கடைக்காரர், "என்ன அண்ணாச்சி, உங்க சரக்கை நீங்களே இப்படிப் பாக்குறீக?" என்றார். டீகூடக் குடிக்காமல் திரும்பினேன்.

"பிள்ளைக பொறந்ததுக்கு அப்புறம் வளைகாப்புக்கு நாள் பாத்த ஒரே மனுசன் நீங்கதான்" என்றாள் மனைவி. சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனவள், பாதியில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மண்டபத்துக்கு நான்தான் போன் செய்து வேண்டாமென்றேன்.

அதற்குப் பிறகு ஸ்கேன் மேல் ஸ்கேன். சிறிசுக்குப் போகிற ரத்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமாம். ஸ்கேன் அறைக் கதவு திறக்கும்போது நான் டாக்டரின் முகத்தைப் பார்க்க மாட்டேன். மகளின் நடையைத்தான் பார்ப்பேன். வீட்டில் அவள் திடீரென்று, "யப்பா, அசையுது" என்பாள். நாங்கள் மூன்று பேரும் நிற்கிற இடத்தில் நிற்போம். "எது?" என்று அவள் அம்மா கேட்பாள். மகள் வயிற்றில் கையை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பாள். "தெரியலம்மா. பெரிசுதான்னு நெனைக்கேன்." அசைகிற சந்தோஷம்கூட எங்களுக்கு முழுசாகக் கிடைக்கவில்லை. பெரிசு உருளும்போதெல்லாம் அதன் மேல் கோபம் வந்தது எனக்கு. பிறக்காத ஒரு பேரப்பிள்ளையை, அடுத்ததன் பங்கைப் பிடுங்கித் தின்கிற போக்கிரியென்று நினைத்தேன். "ஏலே, நகந்து படுலே" என்று வயிற்றைப் பார்த்து அதட்டியும் இருக்கிறேன்.

கார்த்திகையில் விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். அப்போதுதான் டாக்டரம்மா அதுவரை அரைகுறையாகச் சொன்னதை முழுசாகச் சொன்னார். சிறிசுக்குப் போகிற ஓட்டம் மோசமாகிக்கொண்டே வருகிறது. விட்டுவைத்தால் உள்ளேயே இறந்துபோகலாம். ஒரே நஞ்சுக்கொடியில் கட்டுண்டிருப்பதால், ஒன்று போனால் நன்றாக இருக்கிற இன்னொன்றுக்கும் ஆபத்து. இப்போதே எடுத்தாலோ, இரண்டுமே குறைமாதம். சிறிசு தாங்குமா என்று சொல்ல முடியாது. பெரிசுக்கும் நுரையீரல் முற்றியிருக்காது.

சொல்லிவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்று எங்களைக் கட்டிலைச் சுற்றி விட்டுவிட்டுப் போய்விட்டார். மருமகன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி கட்டில் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல் ஆரம்பித்தேன். எதிர்க்கட்டில் அம்மாவின் குறட்டையைப் பற்றி, ஆஸ்பத்திரிச் சாம்பாரைப் பற்றி, லிப்டில் மாட்டிக்கொண்ட ஒரு தடியரைப் பற்றி. நிறுத்தவே முடியவில்லை.

"யப்பா" என்றாள் மகள். "கொஞ்சநேரம் சும்மா இருங்க. பயந்தாத்தான் நீங்க இப்படிப் பேசுவீக. நீங்க பேசப் பேச எனக்கு ஈரக்கொலையே நடுங்குது."

நான் வாயை மூடினேன். வார்டில் யாருடைய குழந்தையோ அழுதது, யாரோ டம்ளரைக் கீழே போட்டார்கள். அவள் மேற்கூரையைப் பார்த்தபடி யோசித்தாள். பிறகு கணவனைப் பார்த்துச் சொன்னாள்.

"எடுத்துரச் சொல்லுங்க. உள்ள வச்சுக்கிட்டு நான் என்னத்தக் குடுக்க? எங்கிட்ட இருந்து அதுக்கு ஒண்ணும் போகமாட்டேங்குது. வெளிய வந்தாலாவது யாராச்சும் பாப்பாக."

மருமகன் ஜன்னலை விட்டு வந்து, அத்தனை நாளில் முதல் முறையாக அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் எடுத்தார்கள். இரண்டும் பெண். பெரிசு அழுதது, கதவுக்கு இப்பால் எங்களுக்கே கேட்டது. அடுத்த அழுகைக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. கதவைத் திறந்துகொண்டு ஒரு நர்ஸம்மா பச்சைத்துணி மூட்டை ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி ஓட்டமும் நடையுமாகப் போனார். மூட்டைக்குள் ஒரு முகம் இருந்ததைப் பார்த்தேன். எலுமிச்சம்பழ அளவு என்று எழுதக் கை வருகிறது. அந்த மாதிரிச் சாமர்த்தியமெல்லாம் அப்போது தோன்றவில்லை. கன்னமே இல்லாத முகம். வயதான ஒருவர் ரொம்ப அலுத்துத் தூங்குகிற மாதிரி இருந்தது.

சில வாரங்களில் பெரிசு தானாகவே சப்பிக் குடிக்கக் கற்றது. அப்புறம் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். பெரிசோடும் வயிற்றுத் தையலோடும் மகள் திருத்தங்கலுக்கு வந்தாள். சிறிசு விருதுநகரிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஆக, மார்கழிக் காலையில் மகள் கறந்து கொடுக்கிற பாலை, ஐஸ் போட்ட டப்பாவுக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுபோகும் வேலை எனக்கு வந்தது. ஆணாகப் பிறந்தவன் சுமக்கக் கூடியதிலேயே கூச்சமான சாமான் அதுவாகத்தான் இருக்கும். மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்காருவேன்.

"என்ன அண்ணாச்சி, தெனமும் டப்பாவோட? ஐஸ் யாவாரமா?" என்றார் கண்டக்டர்.

"பால் யாவாரம்."

"எம்புட்டு ஊத்துறீக?"

"ஒரே ஒரு வீட்டுக்குத்தான்."

நான் சொன்ன விதத்தில் என்ன இருந்ததோ, அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து முன்வரிசை ஜன்னல் இருக்கையில் துண்டைப் போட்டு எனக்காகப் பிடித்துவைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் ஒருவர் டப்பாவை வாங்கிக்கொள்வார். மூக்கு வழியே போகும் மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பார்களாம். மாலையில் காலி டப்பாவோடு திரும்புவேன். வீட்டுப்படி ஏறும்போதே அதை உள்ளங்கையில் தூக்கிப் போட்டுப் பிடிப்பேன். குடித்துவிட்டது என்று அர்த்தம்.

ஒருநாள் சிஸ்டர் டப்பாவை வாங்கவில்லை.

"இன்னைக்கு வேண்டாம்ப்பா. வயிறு உப்பியிருக்கு. குடுத்த பாலு அப்படியே எதுக்களிச்சு நிக்குது. நிப்பாட்டச் சொல்லிருக்காக. டிரிப்ஸ் மட்டும்தான் ஓடுது."

"பாலு கெட்டுப்போச்சாம்மா? ஐஸ் நெறையப் போட்டேனே."

"பாலுல ஒண்ணுமில்ல. அதுக்குக் குடல் இன்னும் பழகல. பெரிய டாக்டர் பாத்துட்டு இருக்காக. ரெண்டு நாள் போகட்டும்."

"அது வரைக்கும் தாங்குமா?"

அவர் என் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்.

முழு டப்பாவோடு பஸ் ஏறினேன். கண்டக்டர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வழியில் எங்கேயாவது ஊற்றிவிட்டுக் காலி டப்பாவோடு போய், குடித்துவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். ஆமத்தூர் தாண்டும் வரை அதையே யோசித்தேன். ஊற்றுவதற்கு ஒரு இடம் எனக்குத் தோன்றவில்லை. சாக்கடையிலா? வேலிச்செடியிலா? எந்த இடத்தை நினைத்தாலும் கை போகவில்லை.

நான் டப்பாவைக் கீழே வைத்த விதத்திலேயே மகளுக்குத் தெரிந்துவிட்டது.

"குடிக்கலையா?"

"இல்லத்தா. வயிறு உப்பியிருக்காம். நிப்பாட்டிருக்காக."

"அப்புறம்?"

"அப்புறம்னு ஒண்ணும் சொல்லல. பாக்கணும்னாக."

ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி முகத்தை மாற்றிவிடுவேன் என்று அவள் காத்திருந்தாளோ என்னவோ. நான் நின்றுகொண்டே இருந்தேன். அவள் பெரிசை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"நாளைக்கும் தாரேன். கொண்டு போங்க."

"வாங்க மாட்டாகளே, ஆத்தா."

"வாங்காட்டித் திருப்பிக் கொண்டாங்க. நான் நிப்பாட்டிட்டா பால் வத்திப்போகும். அது கேக்கும்போது எங்கிட்ட இருக்கணும்ல?"

மறுநாள் கொண்டுபோனேன். திருப்பிக் கொண்டுவந்தேன். அதற்கும் மறுநாள் அப்படியே. எதிரே உட்கார்ந்தவர்களிடம் வலியப் பேச்சுக் கொடுக்கும் என் வழக்கம் அந்த நாட்களில் போயே போய்விட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் சிறிசு மாதிரியே உள்ளே ஒன்றை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்த ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. ஒருநாள் பக்கத்தில் இருந்த மல்லாங்கிணற்றுக்காரர் ஒருவரை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் வெளியே வந்து, தன் பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் படியிறங்கிப் போனார். அன்று வீட்டில் நான் அதைச் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த நாளோ என்னவோ, சிஸ்டர் கதவை ஒருக்களித்துத் திறந்து கையை நீட்டினார்.

"டப்பாவை இங்கன குடுங்க."

கொடுக்காமல் பிடித்துக்கொண்டே கேட்டேன். "நெசமாவா?"

"உப்புசம் எறங்கியிருக்கு. ஒரு மில்லி வச்சுப் பாக்கச் சொல்லிருக்காக. தாங்குச்சுன்னா மறுபடி ஒண்ணு. ரொம்ப ஆசப்படாதீக. இன்னும் ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

"ஒரு மில்லின்னா எம்புட்டும்மா?"

சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார். பிறகு டப்பாவை என் கையிலிருந்து மெதுவாகப் பிடுங்கவேண்டியிருந்தது.

மகளுக்குப் போன் செய்தேன். ஒரு மில்லி என்றதைச் சொன்னேன். அவளுக்குப் பின்னால் பெரிசு வீறிட்டுக்கொண்டிருந்தது. நான் இனி கொஞ்சம் தைரியமாகப் பேசலாம் என்று தொண்டையைக் கனைத்தேன்.

"யப்பா, ஒண்ணும் சொல்லாதீக" என்றாள். "அங்கனயே இருங்க. தாங்குச்சான்னு கேட்டுட்டு அப்புறமா போன் பண்ணுங்க."

சரி என்று சொல்லி, கதவுக்கு நேர் எதிரே சுவரில் சாய்ந்து நின்றேன். உட்கார இடம் இருந்தது. உட்காரவில்லை.